வெள்ளிக்கிழமை முறை

நீர்வேலி
18.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் இடுப்பு மட்டும் குனிந்தால் நிமிர மறுக்கிறது. உன் இருமல் விட்டுவிட்டதா?

போனில் கதைத்தால் நானும் நீயும் சண்டை பிடிக்கிறோம். அப்பாவுக்குப் போனில் ஒன்றும் கேட்காது. கடிதமென்றால் அவரும் வாசிப்பார், நீயும் பாதியில் வெட்டிவிட்டுப் போக முடியாது. அதனால் இனிக் கடிதம்தான்.

எங்கள் ஊர் வேம்பம்புலத்தில் இராணுவம் பிடித்த காணியை விட்டிருக்கிறார்கள். முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு எங்கள் காணியும் வெளியே வந்திருக்கிறது. போன திங்கள் கிராம அலுவலர், எங்கள் விதானையார், எங்களையும் இராசமலர் மாமி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போனார். நீயும் நானும் முகாமில் பிறந்தவர்கள். அந்த மண்ணில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. வீட்டு அத்திவாரம் இருக்கிறது. கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு வரும் வாய்க்கால், புல் மூடினாலும், இருக்கிறது.

கிணறு இல்லை. அது வேலிக்கு அந்தப் பக்கம். விமானப்படைத் தளத்தின் புது வேலி நேராக வந்து, எங்கள் இடத்தில் மட்டும் வயிறு தள்ளிக் கிணற்றை விழுங்கிக்கொண்டு, மறுபடி நேராகப் போகிறது. வாய்க்கால் தலையில் நின்றால் கை நீட்டும் தூரத்தில் பச்சைத் தகரம். தகரத்துக்குப் பின்னால் எங்கள் கிணற்றில் மோட்டர் ஓடுகிற சத்தம்.

எதற்கு என்று விதானையாரைக் கேட்டேன். "அது பிள்ளை, ஹெலி ஓடப் பழக்கிற இடமாக்கும். பாதுகாப்புத் தூரம்" என்றார். அவர் சொல்லி முடிக்க முதல் ஒரு ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்து நின்றது. எழும்பும், நிற்கும், ஆடும், இறங்கும், திரும்ப எழும்பும். நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி. செம்புழுதியில் எங்களுக்கு ஆளை ஆள் தெரியவில்லை.

கிணறு இல்லாத தோட்டக் காணியை வைத்து என்ன செய்வது? மாசியில் பிரதேச செயலகத்தில் காணிக் கூட்டம் வைக்கிறார்கள். நீ கொழும்பில் கொம்பனியில் பிளான் கீறுகிறவன். இப்படி வளைந்த ஒரு எல்லைக்கோட்டை எப்படிக் கேள்வி கேட்பது என்று எழுது. அப்பாவுக்கு வெங்காயம் போட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

தங்கை
நிவேதனா

---

கொழும்பு
09.09.2024

அன்புள்ள அப்பாவுக்கும் நிவேதனாவுக்கும்,

இருமல் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா இடுப்புக்குத் தைலம் பூசுகிறாரா?

காணி கிடைத்தது சந்தோசம். எத்தனை சனத்துக்கு ஒரு பரப்புக் காணியும் திரும்பவில்லை. கிடைத்ததை முதலில் துப்புரவாக்குங்கள். வாய்க்கால் எங்கள் பக்கம்தானே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் எங்களுடையதாக இருக்கும் வரை தண்ணீர் உரிமையும் எங்களுடையதுதான். கேட்டால் தருவார்கள். நயமாகக் கேளுங்கள்.

எல்லைக்கோட்டை எல்லாம் கேள்வி கேட்க முடியாது. பாதுகாப்பு விடயம். எனக்கு அதில் அனுபவமும் இல்லை.

வேலை அங்கும் இங்குமாக இருக்கிறது. பதில் சுணங்கினால் யோசிக்க வேண்டாம்.

ஜெயசுதன்

---

நீர்வேலி
06.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

அப்பா தைலம் பூசுகிறார். பூசிவிட்டு மண்வெட்டி பிடிக்கிறார். பிறகு திரும்பப் பூசுகிறார்.

நயமாகக் கேட்டோம். வாசல் சென்றியில் காவலுக்கு இருந்தவன் ஒரு தாளை வாங்கிக்கொண்டு மேலே சொல்கிறேன் என்றான். மேலே ஹெலிதான் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? அந்தக் கிணறு பங்குக் கிணறு. அதில் எங்களுக்கு இறைப்பு முறை செவ்வாயும் வெள்ளியும். ஞாயிறும் வியாழனும் இராசமலர் மாமிக்கு. எங்கள் முறை நாள் இரண்டிலும் அப்பா விடிய முதல் பஸ்ஸில் போய், மண்வெட்டியோடு வாய்க்கால் தலையில் தகரத்துக்கு முன்னால் நிற்கிறார். வெயில் ஏறும்வரை வாய்க்காலை வெட்டித் திருத்துகிறார். ஒரு துளி தண்ணீர் வராத வாய்க்கால். அடி மட்டம் பார்த்து, கரை கட்டி, நாளைக்கு வெள்ளம் வரப்போகிற மாதிரி.

"என்னத்துக்கப்பா?" என்று காதுக்குள் கத்தினேன்.

"முறைக்கு ஆள் நிக்காட்டி முறை செத்துப்போம்."

"முப்பத்துநாலு வருசம் நிக்கேல்லையே?"

"அப்ப விடேல்லை. இப்ப வேலி வரைக்கும் விடுறாங்கள். விட்ட இடம் வரைக்கும் வந்து நிக்கோணும்."

மாமி கேலி செய்கிறா. "தியாகராசா அண்ணை, உங்கடை முறை முடிஞ்சால் சொல்லுங்கோ, நானும் வந்து காத்தை இறைக்கிறன்." சொல்லிவிட்டு மற்ற வியாழக்கிழமை அவவும் ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றா.

எங்கிருந்து பார்த்தாலும் கிணறு தெரியாது. தகரம் அவ்வளவு உயரம். அப்பா எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்: கிணற்றுக்குக் கிழக்குப் பக்கம் அவரின் தகப்பன், அப்பு, கட்டின கல்தொட்டி, அதில் மாடு தண்ணீர் குடிக்கும், தொட்டி நிரம்பித்தான் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். இப்போதும் அப்படியே இருக்கும் என்கிறார். கல்லை யார் என்ன செய்வார்களாம்.

கூட்டத்துக்கு நீ வரவேண்டும். உனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும். எங்களுக்குக் கோபப்பட மட்டும்தான் தெரியும்.

நிவேதனா

---

கொழும்பு
02.12.2024

அன்புள்ள அப்பாவுக்கும் தங்கைக்கும்,

சுணங்கிவிட்டது. எல்லோரும் சுகம்தானே? மழைக்கு அப்பா நனையக் கூடாது.

அப்பா, தயவுசெய்து அந்த வேலியடியில் போய் நிற்க வேண்டாம். பழகுகிறவர்கள் ஓட்டுகிற ஹெலி. கல்லும் தடியும் பறக்கும். தொட்டியும் இடிச்சு, வாளி வைக்க இடமில்லாமல் சீமெந்து கொட்டின ஒரு கிணற்றுக்காக இடுப்பை முறித்துக்கொள்ள வேண்டாம். குழாய்க்கிணறு அடிப்பதற்கு நான் காசு அனுப்புகிறேன்.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. நீங்களும் போகாமல் விடுவது நல்லது. பெயர் விழுந்தால் மிச்சக் காணி விடுகிறபோது கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஜெயசுதன்

---

நீர்வேலி
29.12.2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என்றாலும் சுகமாக இரு.

குழாய்க்கிணறு வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஆழமாக அடித்தால் உவர்தான் வரும் என்று உனக்கும் தெரியும். நீ காசை வைத்து எங்கள் வாயை மூடப் பார்க்கிறாய் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

நான் கோபமாக இருப்பது உன்னோடு மட்டுமில்லை. தளத்தில் ஹெலிப் பயிற்சிப் பிரிவின் ஆண்டு விழா வருகிறது. சனத்தை உள்ளே விட்டு ஹெலி காட்டப் போகிறார்களாம். ஒரு பள்ளிக்கூடமும் மிச்சமில்லாமல் அழைப்பு வந்திருக்கிறது, நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும். கூடவே தளத்தின் வரலாறு என்று வழுவழுப்பான ஒரு சின்னப் புத்தகம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரர் "ஆளில்லாத பற்றை நிலத்தில்" ஓடுபாதை போட்டார்களாம். பிறகு பயணிகள் விமானம் வந்ததாம். பிறகு நாட்டைக் காத்ததாம். இப்போது இளம் விமானிகளை உருவாக்குகிறதாம். அவ்வளவுதான். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. பற்றை என்ற சொல்தான் நாங்கள்.

அப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். சிரித்தார். "பத்தையோ? அப்ப என்ரை அப்புவின்ரை புகையிலையை ஆர் நட்டது, முயலோ?" என்றார். சண்டை முடியத் திருப்பித் தருவோம் என்றுதான் வெள்ளைக்காரன் அப்புவின் மேற்குத் துண்டை எடுத்தானாம். சண்டை முடிந்தது, தரவில்லை. பயணிகள் விமானம் வந்த காலத்தில் அப்பா சைக்கிளில் போய் வேலியில் தொங்கிக்கொண்டு பார்ப்பாராம், இறங்குகிறவர்களின் சேலையும் பெட்டியும். அப்போது வேலி முள்ளுக்கம்பி, இடுப்பளவு. பிறகு இராணுவம் வந்தது, வேலி நடக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் எங்கள் பக்கமாக நடந்தது. தொண்ணூறில் ஒரு நாள், அடுப்பில் சோறு இருக்க, எங்கள் ஊர் முழுக்க வேலிக்கு உள்ளே போய்விட்டது. ஹெலி சுட்டுக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் அப்பாவின் காதும் போனது. அதே இடத்தில் இப்போது ஹெலி ஓட்டப் படிப்பிக்கிறார்கள்.

விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் போக வேண்டுமாம். போகிறேன். கிணற்றை ஒரு தடவை பார்த்துவிடலாம்.

ஒரு விசயம். உன் கடைசிக் கடிதத்தை அப்பா திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறார். என்னப்பா என்று கேட்டால் கண்ணாடியைத் துடைக்கிறார்.

நிவேதனா

---

நீர்வேலி
19.01.2025

அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை அப்பா வாசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன்.

விழாவுக்குப் போனேன். பிள்ளைகள் ஹெலிக்குள் ஏறி இருந்து படம் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பத்து வயதென்றால் ஏறியிருப்பேன். பழகுகிற விமானி ஒருத்தன், என் வயதுதான் இருக்கும், நல்ல பெடியன் மாதிரி, தெரிந்த தமிழில் "அக்கா, ஏறுறது?" என்று கேட்டான். "முதல் நீங்கள் இறங்குங்கோ" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் போனான்.

கழிப்பறை தேடுகிற சாட்டில் தெற்கு மூலைக்குப் போனேன். எங்கள் கிணற்றைக் கண்டேன். வாய் அகலமாக, தண்ணீர் மேலேயே நின்றது. தண்ணீர்ப் பவுசர் லொறி ஒன்று குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. நிரம்பியதும் போய், ஹெலி இறங்குகிற செம்மண் தரையில் ஊற்றியது. புழுதி அடங்க. பழகுகிறவர்களுக்குக் கண் தெரிய. எங்கள் வெங்காயத்துக்கு வரவேண்டிய தண்ணீர், அண்ணை.

கல்தொட்டி இல்லை. அதை இடித்துவிட்டுப் பவுசர் நிற்கச் சீமெந்து மேடை கட்டியிருக்கிறார்கள். சீமெந்து இன்னும் வெள்ளையாக இருந்தது. போன வருடத்து வேலை.

அங்கே நின்றபோது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. "தொட்டியும் இடிச்சு, சீமெந்து கொட்டின கிணறு." இந்தப் பக்கத்தில் ஒருவரும் அதைக் காணவில்லை. தகரத்துக்கு மேலால் காகம்தான் பார்த்திருக்கும். கொழும்பில் இருக்கிற நீ எப்படிக் கண்டாய்?

பதில் எழுது. சுகம் விசாரித்து நேரத்தை வீணாக்காதே.

நிவேதனா

---

கொழும்பு
27.01.2025

நிவேதனா,

அப்பாவுக்கு இதைக் காட்டாதே என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது கேட்கவில்லை. உன் விருப்பம்.

எங்கள் கொம்பனிக்குத்தான் அந்த வேலிக் கொந்தராத்து கிடைத்தது. பழைய வரைபடங்களில் காணிப் பெயர்கள் தமிழில் இருந்ததால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன வருடம் வைகாசி முழுக்க நான் தளத்துக்கு உள்ளேதான் இருந்தேன். வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரம். வீட்டுக்கு வரவில்லை. என்ன சொல்லிக்கொண்டு வருவது?

நான் கீறின முதல் கோடு நேராக, கிணற்றுக்கு வடக்கால் போனது. பயிற்சிக்குத் தேவையான தூரம் அதிலேயே தாராளமாக இருந்தது. கிணறு, தொட்டி, வீடு எல்லாம் எங்கள் பக்கம். அதை அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு, புழுதிக்குத் தண்ணீர் வேண்டும், அந்தக் கிணற்றை உள்ளே எடு என்று சொன்னார்கள். நேர்கோட்டையே கீழே இறக்கியிருந்தால் வாய்க்காலும் வீட்டு அத்திவாரமும் சேர்ந்து போயிருக்கும். அதனால் நான்தான் கோட்டை வளைத்தேன். கிணற்றை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

நான் வென்றுவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். முகாமில் சாப்பாட்டுக் கோப்பையில் அப்பா குழம்பால் கீறிக் காட்டுவாரே, இது கிணறு, இது வாய்க்கால், வாய்க்கால் வைத்திருக்கிறவனுக்குத் தண்ணீரை ஒருவரும் மறிக்க முடியாது என்று. எனக்குத் தெரிந்த காணிச் சட்டம் அதுதான். வாய்க்காலைக் காப்பாற்றினால் கிணறு தானாக வரும் என்று நம்பினேன். அந்த மேசையில் இருந்தவர்களுக்கு வாய்க்கால் என்றால் என்னவென்றே தெரியாது. "ஏன் இந்தச் சாக்கடைக் கானைச் சுத்திப் போறாய்?" என்று கேட்டார்கள். எங்கள் கொம்பனிப் பெரியவர் லியோன், நல்ல மனிசன், "அவனுடைய இஷ்டம், விடுங்கள்" என்றார். என் வளைவை வைத்தே, யாருடைய குடியிருப்பும் பாதிக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

தொட்டியை இடிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். எங்கள் தொட்டி என்று சொல்லவில்லை.

ஜெயசுதன்

---

நீர்வேலி
04.02.2025

அண்ணைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். பிறகு வைத்துக்கொண்டேன்.

நீ கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு லேசு. திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். நீ எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு அந்த வேலிக்கு முன்னால் எழுபது வயது மனிசன் மழையில் நிற்பதை அறிந்துகொண்டும், கூட்டத்துக்குப் போகாமல் விடுங்கள் என்று எழுதினாய்.

கூட்டம் மாசி 21, வெள்ளிக்கிழமை. தளத்துக்காரர் வந்து, ஹெலிப் பயிற்சிக்குப் பாதுகாப்புத் தூரம் இவ்வளவு வேண்டும், கோடு அதனால்தான் இப்படி என்று சொல்லப் போகிறார்கள். விதானையார் சொன்னார். அது பொய் என்று தெரிந்தவர்களில் எங்கள் ஆள் நீ ஒருத்தன்தான். முதல் கோடு ஒன்று இருந்தது என்று வந்து சொல். கிணற்றுக்காகத்தான் அது வளைந்தது என்று சொல். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அதை நீ வந்து சொல்.

நிவேதனா

---

கொழும்பு
17.02.2025

நிவேதனா,

லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன். தரவில்லை. போனால் திரும்ப வரவேண்டாம் என்றார்கள். போகாமல் விட்டால் நான் என்ன ஆள் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கால் எழும்பவில்லை. உண்மை அதுதான்.

என் பெயரைச் சொல்லு. ஒளிக்க வேண்டாம். கோடு கீறினது வேம்பம்புலம் தியாகராசாவின் மகன் ஜெயசுதன் என்று சொல்லு. முதல் கோடு கிணற்றுக்கு வடக்கால் போனது. யார் எங்கே கூப்பிட்டுக் கேட்டாலும் அதைச் சொல்லுவேன்.

அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது?

ஜெயசுதன்

---

நீர்வேலி
26.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குச் சுகம். அப்பாவுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. நேற்றிலிருந்து கட்டில். மற்றபடி வாய் நல்ல சுகம்.

கூட்டம் நடந்தது. தளத்துக்கார அதிகாரி சுவரில் வரைபடத்தைப் போட்டு, சிவப்பு வெளிச்சத்தால் சுட்டிக்காட்டி, பயிற்சி விமானிகளின் உயிர்ப் பாதுகாப்பு என்று சொன்னார். எங்கள் உயிர் அந்த வரைபடத்தில் எந்தப் பக்கம் என்று மாமி கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார். பிறகு நான் எழும்பினேன். இதற்கு முதல் ஒரு கோடு இருந்தது, அது கிணற்றுக்கு வடக்கால் போனது, பாதுகாப்புக்கு அது போதுமாக இருந்தது, பிறகு தண்ணீருக்காக வளைத்தீர்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

"யார் உங்களுக்குச் சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவில்லை."

அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன சொல்லுறாங்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். என்ன எழுதிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் "அண்ணை" என்று மட்டும் எழுதினேன். அப்பா எழும்பினார். தன் சத்தம் தனக்குக் கேட்காத மனிசன், மண்டபம் அதிரச் சொன்னார்:

"அவன் என்ரை பெடியன். உந்தக் கோடு கீறினது அவன்தான். வளைச்சது பிழை. முதல் கீறினது சரி. அந்தச் சரியான கோட்டை எடுத்து வையுங்கோ மேசையிலை."

நான் அவருக்குச் சொல்லவே இல்லை, அண்ணை.

பஸ்ஸில் வரும்போது காதுக்குள் கத்திக் கேட்டேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தொட்டி இடிச்சது உவன் எழுதித்தானே எனக்குத் தெரியும். உள்ளுக்கை நிண்டவன்தான் எழுதுவான். நேரா வந்த வேலி வளைஞ்சிருக்கெண்டால், முதல் நேராத்தானே கீறியிருப்பான்."

"மார்கழியிலை இருந்து தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"அவன் சொல்லட்டும் எண்டு இருந்தன்." முன் சீற்றின் முதுகில் விரலால் ஒரு கோடு கீறி வளைத்தார். "வாய்க்காலைத் தப்ப வைச்சிருக்கிறான் பார், விசரன். என்னட்டைப் படிச்சது."

முதல் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பிரதேச செயலாளர் தளத்துக்கு எழுதியிருக்கிறார். திரும்ப அளக்கவும் சொல்லியிருக்கிறார். எப்போது என்று இல்லை. தருவார்களா, தொலைந்துவிட்டது என்பார்களா, எனக்குத் தெரியாது. இந்த நாட்டில் ஒரு கோட்டைக் கீற ஒரு மாதம், அழிக்க எத்தனை தலைமுறை என்று கேட்டால் அவர்களிடம் அதற்கும் ஒரு வழுவழுப்பான புத்தகம் இருக்கும். ஆனால் முதல் கோடு ஒன்று இருந்தது என்பது இப்போது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதை ஒருவரும் பற்றை என்று எழுத முடியாது.

உன் வேலை இந்நேரம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் உன்னை மன்னிக்கவில்லை. அதற்கு இன்னும் நாளாகும், சண்டை பிடிக்க நீ பக்கத்தில் இருந்தால் கெதியாக முடியும்.

நேற்றுச் செவ்வாய் எங்கள் முறை. அப்பாவால் எழும்ப முடியவில்லை, நான் போய் நின்றேன். தலைக்கு மேல் ஒன்று பழகிக்கொண்டே இருந்தது. பத்தரை பஸ்ஸுக்குத்தான் பள்ளிக்கூடம் போனேன். இனி ஒவ்வொரு முறைக்கும் எனக்கு லீவு தரமாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ நிற்க வேண்டும். மண்வெட்டி வாய்க்கால் தலையில், தகரத்தோடு சாத்தி இருக்கிறது.

தங்கை
நிவேதனா